மூச்சுத் திணறும் இயந்திரம்

வெள்ளவத்தைக் கடற்கரையிலே மாலை வேளையிற் காற்று வாங்கச் செல்லும் அன்பர்கள் அடிவானத்தை ஒட்டி நிற்கும் கப்பல்களைக் கண்டிருப்பர். கொட்டாஞ்சேனையில் வாழ்வோர் அவற்றைக் கண்ணாற் காண்பதைக் காட்டிலும் செவியாற் கேட்பதே மிகுதி. நள்ளிரவில் துறைமுகத்திலிருந்து எழும் ஊதல் ஒலி அவர்தம் உறக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. இத்துணைப் பெரிய இரும்பு மலையை எது நகர்த்துகின்றது என்று வகுப்பிலே கேட்டால், மாணவர் பலரும் "டீசல் எண்ணெய்" என்று உடனே விடை பகர்வர். அது பாதி விடையாகும். மற்றப் பாதி, எவரும் விலை கொடுத்து வாங்காத காரணத்தால் எவருடைய நினைவுக்கும் வராத வளியாகும்.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோகிராம் டீசல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறைய 14½ கிலோகிராம் வளி வேண்டும். ஒரு லீற்றர் டீசலின் நிறை ஏறத்தாழ 840 கிராம். ஆகவே அதனை எரிக்க 12 கிலோகிராம் வளி தேவை. நம் கொழும்பு வெப்பத்தில் அவ்வளவு வளி 10 கனமீற்றர் இடத்தைப் பிடிக்கும். இரண்டு மீற்றர் நீளமும் இரண்டு மீற்றர் அகலமும் இரண்டரை மீற்றர் உயரமுங் கொண்ட சிற்றறை ஒன்றில் நிறைந்துள்ள வளி முழுவதையும் ஒரே ஒரு லீற்றர் எண்ணெய் விழுங்கிவிடுகின்றது! நடைமுறையில் இயந்திரத்துக்கு இதனினும் அதிகமாகவே வளி கொடுக்கப்படும். எண்ணெயை வேண்டுமளவு உட்செலுத்துதல் எளிது. வளியை வேண்டுமளவு உட்செலுத்துவதே அரிது. டீசல் இயந்திரத்தின் வலுவுக்கு எல்லை கட்டுவது பெரும்பாலும் எண்ணெய் அன்று, மூச்சே.

இந்த உண்மையை ஊன்றி நோக்கியவர் அல்பிரட் பூக்கி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர். டீசல் இயந்திரத்திற் புகுந்த எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு, சூடான புகையோடு புகைபோக்கி வழியே வீணாகப் போய்விடுகின்றது. அப்புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிவளியை அமுக்கி இயந்திரத்துக்கு ஊட்டினால் என்ன என்று அவர் எண்ணினார். 1905ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். எண்ணம் பிறந்து இருபதாண்டுகள் கழித்தே அது கடலேறிற்று. 1926ஆம் ஆண்டில் "புரொய்சன்", "ஹான்சஸ்ராட் டான்சிக்" என்னும் இரு ஜேர்மானியப் பயணிகள் கப்பல்களில் இவ்வமைப்புப் பொருத்தப்பட்டது. 1,750 குதிரைவலு தந்துகொண்டிருந்த இயந்திரம் 2,500 குதிரைவலு தரத் தலைப்பட்டது. இயந்திரத்தின் உடல் பருக்கவில்லை. அதன் மூச்சு மட்டுமே பெருத்தது. இந்தச் சாதனமே இன்று டர்போசார்ஜர் எனவும், சுருக்கமாக டர்போ எனவும் வழங்கப்படுகின்றது. அது ஊட்டும் மேலதிக அமுக்கத்தைத்தான் இயந்திரப் பணியாளர் "பூஸ்ட்" என்பர்.

கொழும்பு வாசிகளுக்கு இதனைக் காணத் தூரதேசம் போக வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டிற் கொழும்புத் துறைமுகத்திலே ஒரு மிதவையின்மீது 60 மெகாவாற்று மின்னிலையம் ஒன்று நிறுவப்பட்டது. கரையிலுள்ள வீடுகளுக்கு விளக்கேற்றுவதற்காக அங்கே அமைக்கப்பட்டவையும் கப்பல் இனத்து டீசல் இயந்திரங்களே. பெரியன இவ்வாறிருக்க, முகத்துவாரத்திற் கட்டிக் கிடக்கும் பலநாட் படகுகளின் வயிற்றிலும் சின்னஞ்சிறு டர்போக்கள் சுழல்வதுண்டு. கப்பலின் டர்போ நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவை அளவிற் சுழல்கின்றதெனின், உள்ளங்கையில் அடங்கத்தக்க படகு டர்போவின் சக்கரம் இலட்சம் தடவை வரையிற் சுழலவல்லது. நம் பிள்ளைகள் விளையாடும் பம்பரத்தை இதனோடு ஒப்பிட்டால் அது நிற்பது போலவே தோன்றும்.

இப்பொழுது ஒரு படகை எடுத்துக்கொள்வோம். ஆறு பேர் அதிலே செல்கின்றனர். துறையை விட்டுப் பத்து நாளாயிற்று. அறையிலே மீனும் பனிக்கட்டியும் இருக்கின்றன. திரும்பும் வழியில் இயந்திரம் இளைக்கத் தொடங்குகின்றது. புகைபோக்கி கரும்புகை கக்குகின்றது. வேகம் எட்டுக் கடல்மைலிலிருந்து ஐந்தாகக் குறைகின்றது. அமுக்கமானியைப் பார்த்தால் வழக்கமாக ஒரு வளிமண்டல அளவு நிற்கும் முள், அதன் பாதியில் நிற்கின்றது. கரைக்கு இன்னும் நானூறு கடல்மைல். இரண்டு நாளில் முடியவேண்டிய பயணம் மூன்று நாளைத் தாண்டும். அதற்குள் பனிக்கட்டி கரைந்துவிடும், மீன் விலைபோகாது. வேகத்தை விடாது பிடிக்க எண்ணி எண்ணெயை மேலும் மேலும் திறந்தால், எரியாத எண்ணெய் கரியாகிப் புகையின் வெப்பம் ஏறும், வால்வுகள் கருகும், முசலத்தின் தலை உருகினாலும் உருகும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இயந்திரம் நின்றுபோன படகு என்ன பாடுபடும் என்பதைக் கடலோரக் குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒரு முள் பாதியில் நிற்பது ஆறு குடும்பங்களின் கவலையாகும்.

எண்ணெயின் விலையையும் ஒருவர் மறக்கலாகாது. 2022ஆம் ஆண்டு தொடங்கும்போது நம் நாட்டில் லீற்றர் ஒன்று 121 ரூபாவாக இருந்த டீசல், அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் 460 ரூபாவாயிற்று. எரிபொருள் நிலையங்களின் முன் மக்கள் நாட்கணக்காகக் காத்து நின்ற அக்காலத்தில், கரும்புகையாய்ப் போன ஒவ்வொரு துளியும் கைக்காசாகவே கண்ணுக்குத் தோன்றியிருக்கும்.

இத்தகைய வேளையில் வழக்கமாக நிகழ்வது யாது? "டர்போ போய்விட்டது" என்று ஒருவர் தீர்ப்புக் கூறுவார். உடனே பஞ்சிகாவத்தைக்கு ஓடி, பெருந்தொகை கொடுத்து, புதிதோ பழையதோ ஒன்றை வாங்கி வந்து மாட்டுவர். படகு மீண்டுங் கடலுக்குச் செல்லும். மீண்டுங் கரும்புகை கக்கும். பழுது டர்போவில் இருந்திருக்காது. ஒரு சிறு கிளிப்பில் இருந்திருக்கும். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் வாங்கலாம்; காரணத்தை அங்கே வாங்க முடியாது. பாகத்தை மாற்றிப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் இம்முறை நம்மிடையே மிகப் பரவிவிட்டது. இதனை யான் சிக்கனக் குறைவென்று மட்டுங் கருதவில்லை. சிந்தனைக் குறைவென்றே கருதுகின்றேன்.

முதலில் ஐயுறவேண்டியது அளவுமானியையே. அதற்குச் செல்லும் நுண்குழாயிலே எண்ணெய்ப் பசை அடைத்திருந்தாலும், அக்குழாய் வெடித்திருந்தாலும், குற்றமற்ற இயந்திரமும் குற்றவாளியாய்த் தோன்றும். அடுத்து, பூஸ்ட் என்பது சுமையோடு கூடிப் பிறப்பது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். துறையிலே சும்மா ஓடும் இயந்திரத்தில் முள் எழாது, எழவேண்டியதும் இல்லை. எண்ணெய் எரிந்தாற்றான் புகை. புகை உந்தினாற்றான் சக்கரம். சக்கரம் சுழன்றாற்றான் அமுக்கம். கரையிற் சோதிப்பதாயின், படகை வலிய கயிறுகளாற் கட்டி, முன்கியரிற் போட்டுச் சுமையேற்றிய பின்னரே முள்ளைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சங்கிலியின் இயல்பை அறிந்தவனுக்கு முக்கியமான ஒரு வினா எழும். பூஸ்ட் குறைந்தமையால் இயந்திரம் இளைத்ததா, அன்றி இயந்திரம் இளைத்தமையால் பூஸ்ட் குறைந்ததா? எண்ணெய் வடிகட்டி அடைத்துக்கொண்டால் எண்ணெய் போதாது, புகை குறையும், அதனால் பூஸ்டும் குறையும். அப்போது பூஸ்டின் குறைவு நோயன்று, நோயின் குறியே. இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு? புகையின் நிறத்தையும் வெப்பத்தையும் கேளுங்கள். வளி போதாவிடின் புகை கறுக்கும், அதன் வெப்பம் வழக்கத்தினும் ஏறும். எண்ணெய் போதாவிடின் கரும்புகை இராது, வெப்பமும் இறங்கும். மூன்றாவதொரு நிலையும் உண்டு. அடியிலே சிப்பி படர்ந்தோ, விசிறியில் வலை சுற்றியோ இயந்திரத்தின் சுமை அளவு மீறியிருக்கலாம். அப்பொழுதும் கரும்புகை வரும், வேகம் குறையும். ஆயின் முள் தாழ்ந்திராது. முன்னர் அதே சுழற்சி வேகத்திற் காட்டியதைவிட மிகுந்த அமுக்கத்தையே காட்டும். இம்மூன்றையும் ஒரு மாணவன் ஒருமுறை அறிந்துகொண்டால், ஒரு ஸ்பனரைத் தொடுமுன்னரே வழக்கின் பாதியை முடித்துவிடுவான். புதுமாதிரி மின்னணுக் கட்டுப்பாடுள்ள இயந்திரங்கள் மாத்திரம் இதற்கு விலக்கு. வளி குறைந்ததும் அவை தாமாகவே எண்ணெயையும் குறைத்துவிடும். ஆதலால் கரும்புகை தோன்றாது, வலு மட்டுமே தளரும்.

எடுத்துக்கொண்ட படகிலே புகை கறுத்து வெப்பமும் ஏறியது, முள்ளோ தாழ்ந்தது. ஆகவே குறை வளியில்தான். இனி வளி போகும் வழியே நாமும் போவோம்.

வழியின் தொடக்கம் டர்போ அன்று; இயந்திர அறையின் கதவு. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான கனமீற்றர் வளியை விழுங்கும் பொருளை ஒரு பெட்டிக்குள் அடைத்து, காற்று வரும் துவாரத்தின்மீது வலையையும் கயிற்றையும் குவித்து வைத்தால் அது எங்ஙனம் மூச்சுவிடும்? இதற்கான சோதனை செலவற்றது. சுமையோடு ஓடும்போது அறையின் மேல்மூடியைத் திறந்து பார்த்தல் வேண்டும். முள் எழுந்தால் நோய் அகப்பட்டது. மூடியைத் திறக்கும்போது உள்ளிருந்து எதுவோ இழுப்பது போலிருந்தால், முள்ளைப் பார்க்கவும் வேண்டியதில்லை. அடுத்து நிற்பது எயார் பில்டர். அது அழுக்கேறியிருப்பின் கழுவவோ மாற்றவோ வேண்டும். அதனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவது கூடவே கூடாது. இலட்சம் சுற்றிற் சுழலும் சக்கரத்துக்கு ஒரு சிறு நூல்துண்டும் கல்லே.

டர்போவுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலுள்ள றப்பர் ஹோஸ்களிலும் கிளிப்புகளிலுமே பெரும்பாலான திருட்டு நடைபெறுகின்றது. அதிர்வினாற் கிளிப் தளரும். வெப்பத்தினால் றப்பர் வெடிக்கும். நின்ற இயந்திரத்தில் வெடிப்பு வாய்மூடிக் கிடக்கும். அமுக்கம் ஏறியபின்னரே வாய்திறக்கும். ஆதலின் கண்ணை நம்பலாகாது. இயந்திரத்தை நிறுத்தி, குழாயின் வாயை அடைத்து, அரை வளிமண்டலத்துக்கு மேற்படாத அமுக்கத்தில் வளியை உட்செலுத்தி, இணைப்புகளிற் சவர்க்கார நீரைத் தடவுக. குமிழி எழும் இடமே கசிவிடம். சைக்கிள் டியூப் ஒட்டும் கடைக்காரர் வாளித் தண்ணீரிற் செய்வது எதுவோ அதுவே இதுவும். வளி கசிந்த இடத்தில் எண்ணெய்ப் பசையும் தூசும் சேர்ந்து ஒரு கரிய கோடு படிந்திருப்பதும் உண்டு.

இனி வருவது வளிக் கூலர். இதனைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகின்றேன்; ஏனெனில் பௌதிகவியற் புத்தகத்திலுள்ள வாயு விதிகளை மனனஞ் செய்து புள்ளி வாங்கும் மாணவர், அவ்விதிகள் உயிரோடு உலாவும் இடத்தை இங்கேதான் காணலாம். சைக்கிளுக்குக் காற்றடித்தவர் எவரும் பம்பின் அடி சூடேறுவதை அறிவர். டர்போவிலும் அதுவே நிகழ்கின்றது. 30 பாகையிற் புகுந்த வளியை இருமடங்கு அமுக்கத்துக்கு ஏற்றினால், சக்கரத்தின் குறைபாட்டையும் சேர்த்து அது ஏறக்குறைய 125 பாகையில் வெளிவருகின்றது. சூடான வளி விரிந்த வளி. அமுக்கம் இருமடங்காயினும், உருளைக்குட் புகும் வளியின் நிறை ஒன்றரை மடங்கே ஆகின்றது! அதே வளியைக் கடல்நீரால் 45 பாகைக்குக் குளிர்வித்தால், நிறை 1.9 மடங்காகின்றது. இடைப்பட்ட இந்த ஆதாயம் முழுவதும் கூலரின் கொடை. ஆகவேதான் அளவுமானி நன்றாக நின்றும் இயந்திரம் கரும்புகை கக்குவதுண்டு. முள் அமுக்கத்தைக் காட்டும், நிறையைக் காட்டாது. கூலரை விட்டு வெளியேறும் வளியின் வெப்பநிலையையும் பார்த்தாற்றான் கணக்கு நிறைவெய்தும்.

கூலருக்கு நோய் இரு பக்கத்திலும் உண்டு. கடல்நீர்ப் பக்கத்திலே சிப்பியும் சேறும் அடைத்தால் வளி குளிராது. வளிப் பக்கத்திலே எண்ணெய்ப் பசை படிந்தால் வளி போகவே வழியில்லாது, கூலருக்கு முன் அமுக்கம் மிகுந்தும் பின் குறைந்தும் நிற்கும். பெருங் கப்பல்களில் இவ்வேறுபாட்டை ஒரு வளைந்த குழாயிலுள்ள நீரின் உயரத்தைக்கொண்டு அளப்பர். ஆய்வுகூடத்திலுள்ள மனோமானியே அது. எல்லாவற்றிலும் கொடியது, கூலரின் செப்புக் குழாய் அரித்துக் கடல்நீர் வளியோடு கலந்து உருளைக்குள் இறங்குவது. கூலரின் அடியிலுள்ள வடிகாலைத் திறக்கும்போது சொட்டும் நீர் உப்புக் கரித்தால், அன்றே வேலையை நிறுத்தல் வேண்டும். கரிக்காவிடின், அது வளியிலிருந்து குளிர்ந்து படிந்த வெறும் ஈரமாக இருக்கலாம்.

வளி வழி முடிந்தது. புகை வழியைச் சுருங்கச் சொல்வேன். புகை சக்கரத்தை அடையுமுன் கசிந்தால் சக்கரம் தளரும். மனிபோல்டின் இணைப்புகளில், கஸ்கட்டின் ஓரங்களில் கரிப்படிவைத் தேடுக. சக்கரத்தைக் கடந்தபின் வழி அடைத்தாலும் தளரும். கடல்நீரும் புகையும் கலக்கும் முழங்கைக் குழாய் உள்ளே துருப்பிடித்தும் கரிபடிந்தும் ஒடுங்கிவிடுவது படகுகளிற் பெருவழக்கு.

இவையனைத்தையும் பார்த்து முடித்த பின்னரே டர்போவைத் தொடலாம். இயந்திரம் நின்று நன்கு ஆறிய பின்னர், குழாயைக் கழற்றி, அச்சை விரலாற் சுழற்றுக. தங்குதடையின்றிச் சுழலவேண்டும். மேலுங் கீழும் அசைத்தால் மயிரிழை அசைவு இயல்பு; சக்கரம் சுவரைத் தொடுமாயின் பெயாரிங் தேய்ந்தது. டர்போ பெரும்பாலும் தானாகச் சாவதில்லை, கொல்லப்படுகின்றது. முழு வேகத்தில் வந்த படகு துறையை அடைந்ததும் இயந்திரத்தைச் சட்டென நிறுத்துகின்றனர். எண்ணெய்ப் பம்பி உடனே நின்றுவிடும். சுட்டுப் பழுத்த சக்கரமோ இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். அச்சிலே தேங்கிய எண்ணெய் வெந்து கரியாகும். மூன்று முதல் ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்தினால் இக்கேடு இல்லை. அந்த ஐந்து நிமிட எண்ணெய்ச் செலவைக் கணக்குப் பார்ப்போர், பெயாரிங்கின் விலையையும் பக்கத்திலெழுதிப் பார்ப்பார்களாக.

பெரிய கப்பல்களில் டர்போவின் அழுக்கை ஓட்டத்திலேயே போக்குவர். வளிப் பக்கத்துக்கு நல்ல நீரைச் சிறிதளவு பாய்ச்சுவர். புகைப் பக்கத்துக்கு என்ன தெரியுமா? இடித்துத் தூளாக்கிய அக்ரூட்டுக் கொட்டையின் ஓடு! அது சக்கரத்தின்மீது படிந்த கரியைச் சுரண்டிவிட்டுத் தானும் எரிந்து போய்விடும். வகுப்பிலே இதனைச் சொன்னால் மாணவர் நகைப்பர். கோடிக்கணக்கான பணம் பெறும் இயந்திரத்தைக் கொட்டை ஓட்டினாற் சுத்தம் செய்வது நகைக்கத்தக்கதே. எனினும் உலோகத்தைக் கீறாமற் கரியை மட்டுங் கீறும் கடினம் அவ்வோட்டுக்கு வாய்த்திருக்கின்றது. இத்துப்புரவு தவறினால் டர்போ நாய் குரைப்பது போல விட்டுவிட்டு ஓசையிடும். அமுக்கிய வளி முன்னேற வழியின்றிப் பின்னோக்கிப் பாய்வதன் ஓசை அது.

சிறிய பொருள்மீது இத்துணைக் கவனம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2024ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், அமெரிக்காவின் பால்டிமோர் துறையிலிருந்து நம் கொழும்பை நோக்கிப் புறப்பட்ட "டாலி" என்னும் சரக்குக் கப்பல், மின்சாரம் இழந்து, இயந்திரம் நின்று, பிரான்சிஸ் ஸ்கொட் கீ பாலத்தில் மோதிற்று. பாலத்தின்மீது வேலைசெய்துகொண்டிருந்த அறுவர் மாண்டனர். அங்கே பழுதானது டர்போ அன்று. 2025 நவம்பரில் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை வெளியிட்ட முடிவின்படி, ஒரு மின்கம்பியின் பெயர்ச்சீட்டுத் தவறான இடத்தில் இருந்தமையால் அக்கம்பி தன் துளைக்குள் முழுதும் புகாது தளர்ந்து நின்றதே அதன் மூலம். ஏறக்குறைய 300 மீற்றர் நீளக் கப்பலிலே ஒரு பெயர்ச்சீட்டு!

மீண்டும் நம் படகுக்கு வருவோம். கடல் நடுவே ஆய்வுகூடம் இல்லை. அங்கே செய்யத்தக்கது, எண்ணெயைக் குறைத்துப் புகை வெளுக்கும்வரை வேகத்தைத் தாழ்த்தி, மேல்மூடியைத் திறந்துவிட்டு, ஹோஸ்களைக் கையெட்டும் தூரத்தில் நின்று செவியாற் சோதிப்பதாகும். சீறல் கேட்டால் இயந்திரத்தை முறைப்படி நிறுத்தி, ஆறவிட்டு, கிளிப்பை இறுக்கலாம். உதிரிக் கிளிப் நான்கும் ஹோஸ் துண்டொன்றும் படகில் இருந்தால், ஆறு பேரும் பனிக்கட்டி கரையுமுன் கரைசேர்வர். அவற்றின் விலை ஒரு நாட் சாப்பாட்டுச் செலவுக்கு மேற்படாது.

படகுக் குடும்பத்திற் படிக்கும் பிள்ளை ஒருவன் இருப்பின், அவனுக்கும் ஒரு வேலை உண்டு. ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து ஐந்து நிரல் கீறித் தகப்பனாரிடம் கொடுக்கட்டும். திகதி, சுழற்சி வேகம், பூஸ்ட், புகையின் வெப்பம், ஒரு மணிநேரத்து எண்ணெய்ச் செலவு என்பன அந்நிரல்கள். நல்ல நிலையில் இயந்திரம் ஓடும்போதே, நாளுக்கொருமுறை, ஒரே சுழற்சி வேகத்தில் இவற்றைக் குறித்து வரவேண்டும். ஒவ்வொரு பயணமும் முடிந்தபின் பிள்ளை அவற்றை வரைபுத்தாளிற் குறிப்பானாயின், பூஸ்ட் கோடு மெல்லச் சரிவதையும் வெப்பக் கோடு மெல்ல ஏறுவதையும், புகை கறுப்பதற்குப் பல வாரங்கள் முன்னரே வீட்டு மேசையில் இருந்தவாறே காண்பான். அடுத்த பயணத்துக்குப் பனிக்கட்டி ஏற்றுமுன் கூலரைக் கழற்றவேண்டுமா என்பதை அந்த இரு கோடுகளும் சொல்லிவிடும்.